மண்மூட்டைகளின் நிறம்

“ஏனண்ணா, அவைக்குத் தெரியாதோ?” என்று, எங்களிடம் வேலை செய்யும் அவள், தான் கணினியில் செய்த மண்மூட்டைகளைக் காட்டிக் கேட்டாள். “தெரிய வேண்டிய தேவையில்லை, மண்நிறத்துக்கு மாத்திவிடுங்கோ” என்று நான் சொன்னேன். எங்களிடையே நடந்தது இவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் அவள் மாற்றித் தந்தாள், அன்று மாலையே வேலை ஒப்படைக்கப்பட்டது, பணமும் சொன்ன திகதிக்கு வந்து சேர்ந்தது. இரண்டு வருடங்கள் ஆகப்போகின்றன. நான் சொன்ன அந்த ஒரு வரியை இன்றைக்கும் மனதுக்குள் திருத்தித் திருத்திச் சொல்லிப் பார்க்கிறேன்.

வெளிநாட்டு நிறுவனமொன்றின் துப்பாக்கிச் சூட்டுக் கணினி விளையாட்டுக்கான பொருட்களைச் செய்துகொடுக்கும் துணை ஒப்பந்தம் அது. இடிந்த சுவர், ஓடு சரிந்த கூரை, விழுந்த தண்ணீர்த் தாங்கி, கைவிடப்பட்ட உழவு இயந்திரம் என்று நீண்ட பட்டியலில் பதுங்குகுழி அவளுடைய பங்குக்கு வந்தது. அனுப்பப்பட்டிருந்த மாதிரிப் படங்கள் ஏதோவொரு பாலைவன நாட்டுக்குரியவை. எல்லாவற்றிலும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் அடுக்கிய சணல் சாக்குகள் இருந்தன. அவள் அந்தப் படங்களைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மேலே பனங்குற்றி போட்டு, வாசலை ஒரு பக்கமாகத் திருப்பி, மூட்டைகளை ஒன்றுக்கொன்று வேறான அளவில் அடுக்கியிருந்தாள். ஒரு மூட்டை மாம்பழ மஞ்சள், ஒன்று நீலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் தையல் ஓடிய இடத்தில் சேலையின் கரை குறுக்கே போயிருந்தது.

பார்த்த கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கரையோர மணலில் குழி வெட்டினால் நிற்காது, சரிந்துவிடும். உரப்பைகள் தீர்ந்த பிறகு சேலைகளை வெட்டி, கையால் தைத்து, மணல் நிரப்பித்தான் 2009 இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் எங்கள் சனம் பதுங்குகுழி கட்டியது. 2006 ஓகஸ்டில் வன்னிக்குப் போகும் ஏ9 பாதை மூடப்பட்டபோது கொழும்பில் படித்துக்கொண்டிருந்து, ஊர் திரும்ப முடியாமல் போன எனக்கு இது அம்மா ஒரேயொரு தடவை சொல்லித் தெரிந்தது. முள்ளிவாய்க்காலில் இருந்தபோது அவளுக்கு ஏழு வயது. அந்த மூட்டைகளில் முதுகைச் சாய்த்து இருந்தவள் அவள். இந்த வேறுபாட்டை நான் எந்த நியாயத்தைச் சொன்னாலும் மறைக்க முடியாது.

மூன்றாம் நாள் வேலை தந்த நிறுவனத்திடமிருந்து குறிப்பு வந்தது. மூட்டைகள் மிகவும் வண்ணமயமாக இருக்கின்றன, போர்க்களத்துக்குப் பொருந்தவில்லை, மண்நிறத்துக்கு மாற்றவும் என்பது அதன் சாரம். “சரி, திருத்துகிறோம்” என்று உடனே பதில் எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவளிடம் சொன்னேன். அந்த ஒழுங்கை இப்போது நினைக்கும்போதுதான் கவனிக்கிறேன்: அவள் கேள்வி கேட்பதற்கு முன்னரே என் பதில் கடல் கடந்து போய்விட்டது. இன்னும் இரண்டு வரி சேர்த்து, இவை சேலைகள், இப்படித்தான் இங்கே கட்டினார்கள் என்று எழுதியிருக்கலாம். கோபித்திருக்கமாட்டார்கள். ஏற்றுக்கொண்டுகூட இருப்பார்கள்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை நான் கைவிடவில்லை. ஐந்து பேரின் சம்பளம் அந்த வேலையில் தங்கியிருந்தது. அவர்கள் கேட்டது கற்பனையான ஓர் ஊர், எங்கள் ஊர் அல்ல. கதவு செய்யச் சொன்னவனுக்கு யன்னல் செய்துகொடுத்துவிட்டு அதன் அருமையை விளக்கும் தச்சனை யாரும் இரண்டாம் தடவை கூப்பிடமாட்டார்கள்.

இந்தத் தொழிலுக்குள் வந்த நாளிலிருந்து அதன்மேல் எழுந்த எதிர்ப்புகளையெல்லாம் தேடி வாசித்திருக்கிறேன். 1976 இல் எக்சிடி நிறுவனம் வெளியிட்ட டெத் ரேஸ் என்ற விளையாட்டில் குச்சி போன்ற உருவங்களைக் காரால் மோத வேண்டும், அதற்கே பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. மோர்ட்டல் கொம்பட் என்ற சண்டை விளையாட்டின் இரத்தம் 1993 இல் அமெரிக்க செனட் விசாரணை வரை போய், அடுத்த வருடமே வயது வகைப்படுத்தும் அமைப்பு உருவாகக் காரணமாயிற்று. ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தது ஈராக்கின் பலூஜா நகரில் 2004 இல் அமெரிக்கப் படை நடத்திய சண்டையை வைத்துச் செய்யப்பட்ட ‘சிக்ஸ் டேஸ் இன் பலூஜா’ என்ற விளையாட்டின் கதை. கொனாமி நிறுவனம் அதை 2009 ஏப்ரலில் அறிவித்தது. ஈராக்கில் இறந்த படையினரின் பெற்றோரும் வேறு பலரும் எதிர்த்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே கொனாமி கைவிட்டது. அதே ஏப்ரல் 20 ஆம் திகதிதான் புதுமாத்தளனில் மண் அணை உடைந்து, இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இராணுவக் கட்டுப்பாட்டுப் பக்கம் வந்தது. உலகின் ஒரு மூலையில் ஒரு போரை விளையாட்டாக்கலாமா என்று வாதம் நடந்த அதே வாரங்களில் அவளுடைய வீட்டார் சேலை தைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு எதுவுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றை நினைத்தால் மற்றது கூடவே வருகிறது.

அந்த விளையாட்டு 2021 இல் வேறு நிறுவனங்களின் கையில் மீண்டும் உயிர்பெற்றது. அப்போது அமெரிக்க முஸ்லிம் அமைப்பொன்று சோனியிடமும் மைக்ரோசொவ்ட்டிடமும், இணையத்தில் விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்திடமும் அதை விற்க இடம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டது. 2023 ஜூனில் அது விற்பனைக்கு வந்துவிட்டது. 2018 இல் பாடசாலைத் துப்பாக்கிச் சூட்டை வைத்துச் செய்த ‘அக்டிவ் ஷூட்டர்’, அமெரிக்காவின் பார்க்லாண்ட் பாடசாலைச் சூட்டில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் குரல் கொடுத்ததும் வெளிவருமுன்பே அகற்றப்பட்டது. இழந்தவர்கள் எல்லோரும் ஒரே இழப்பைத்தான் சொல்கிறார்கள், சிலருடைய சொல் மட்டும் உடனே கேட்கப்படுகிறது என்று இதைப் பார்த்து எனக்குத் தோன்றியது. நாளைக்கு ஒருவன் முள்ளிவாய்க்காலை விளையாட்டாக்கினால் நாங்களும் பதாகையோடு நிற்போம். அப்போது நான் பதாகை பிடிக்கும் பக்கத்தில் நிற்பேனா, மூட்டைக்கு நிறம் கொடுக்கும் பக்கத்தில் இருப்பேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போன வருடம் பக்கத்துப் பாடசாலையில் பெற்றோர் கூட்டமொன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். பப்ஜியும் பிரீ பயரும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று எல்லோரும் கொதித்துப்போயிருந்தார்கள். வன்முறைக் குற்றங்களுக்கு இந்த விளையாட்டுகளைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை, கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடுதான் சிறிய தொடர்பு காணப்படுகிறது என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் சொன்னதை விளக்கினேன். கடைசி வாங்கில் இருந்த ஒரு தாய் எழுந்து, “என்ரை பிள்ளை ஆரையும் சுடுவான் எண்டு நான் பயப்பிடேல்லை தம்பி. செல் விழுந்து வெடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் கை நடுங்குது. அவன் அந்தச் சத்தத்தை வைச்சுக்கொண்டு சிரிக்கிறான்” என்றார். நான் கொண்டுபோன தாளில் அதற்குப் பதில் இல்லை. ஒலியைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள் என்பதுபோல ஏதோ சொன்னேன்.

அங்கிருந்து திரும்பி வந்துதான் பழைய ஒப்பந்தத்தின் குறிப்புகளை மறுபடி எடுத்து வாசித்தேன். பொதுமக்கள் வேண்டாம், சிறுவர் வேண்டாம், உடல்கள் வேண்டாம் என்று முதற்பக்கத்திலேயே இருந்தது. அப்போது அதை நல்ல குணம் என்று எடுத்திருந்தேன். புதுமாத்தளனிலிருந்து காயக்காரரைக் கப்பலில் ஏற்றிப்போன அதே செஞ்சிலுவைச் சங்கம், பிற்காலத்தில் விளையாட்டுத் தயாரிப்பாளர்களிடம், போரின் விதிகளைக் கணக்கில் எடுங்கள், நிஜத்தில் போர்க்குற்றமாகும் செயலுக்கு விளையாட்டில் பரிசு கொடுக்காதீர்கள் என்று கேட்டது. அதற்கான இலகுவான வழியைப் பலர் கண்டுபிடித்துவிட்டார்கள்: சனத்தையே எடுத்துவிடுவது. சனம் இல்லாத ஊரில் குற்றம் நடக்காது, எதிர்ப்பும் வராது. சேலை மூட்டை அந்த வெறுமையைக் கெடுத்தது. அதைப் பார்த்தால் அதைத் தைத்த ஒருத்தி இருந்தாள் என்று தெரிந்துவிடும். குறிப்பு எழுதியவருக்கு இது விளங்கியிருக்காது, நிறம்தான் உறுத்தியிருக்கும். விளங்கியவன் நான்.

ஆனால் சேலைகளை விட்டிருந்தால்? எங்கோ ஓர் அறையில் இருக்கும் பையன் ஒருவன் என் அம்மாவின் சேலைக்குப் பின்னால் குனிந்து இன்னொருவனைச் சுட்டுப் புள்ளி சேர்த்திருப்பான். அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டதும் ஒரு காப்புத்தானே என்று சில நாட்களில் ஆறுதல் கொள்கிறேன். இந்த எண்ணம் எனக்குப் பல மாதங்கள் கழித்து வந்தது. அன்றைக்கு மாற்றச் சொன்னபோது என்னிடம் இருந்தது திகதி பற்றிய யோசனை மட்டுமே. ஆகவே இதைக் காரணமாகச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பொஸ்னியப் போரில் சாராயெவோ நகரம் முற்றுகையிடப்பட்டதை நினைவில் வைத்து, போருக்குள் அகப்பட்ட சனத்தின் பக்கத்திலிருந்து 2014 இல் போலந்தில் ஒரு விளையாட்டைச் செய்தார்கள், ‘திஸ் வார் ஒவ் மைன்’ என்று. அதில் சேலை மூட்டைக்கு இடம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், பிறகு அதுவும் விற்பனைப் பொருள்தானே என்றும் நினைக்கிறேன்.

வேலை முடிந்ததும் எல்லாக் கோப்புகளையும் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மற்றவற்றை அழித்துவிட்டேன். பதுங்குகுழியின் முதல் வடிவத்தை அழிக்கப் போனபோதுதான் அவள் ஒவ்வொரு துணிக்கும் வைத்திருந்த பெயர்களைக் கண்டேன். வழமையாக எண்கள் போடுவோம். அவள் அம்மம்மா, சித்தி, ரீச்சர், பக்கத்து பங்கர் அக்கா என்று போட்டிருந்தாள். மஞ்சள்தான் ரீச்சர். அதைப் பற்றி அவளிடம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது அவள் தளபாடக் கடையொன்றுக்குக் கதிரை, மேசை மொடல்கள் செய்கிறாள். போன கிழமை வன்தட்டில் இடம் போதாமல் போனது. “பழைய வேலையள் கிடக்குதண்ணா, அழிக்கட்டோ?” என்று கேட்டாள். “இப்ப வேண்டாம்” என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கதிரையின் கால்களைச் சரிசெய்யத் திரும்பிவிட்டாள்.