மாமாவின் பென்ஷன் புத்தகம்

போன மாதம் 10ஆம் திகதி லீவு போட்டுவிட்டு கொழும்பு கொட்டாஞ்சேனைக்குப் போய் மாமாவை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இனி ஒவ்வொரு பென்ஷன் நாளும் போவேன்.

மாமா 1962இல் றோயல் சிலோன் நேவியில் (அப்போதைய இலங்கைக் கடற்படை) சேர்ந்தவர். வேலை ஸ்டோர்ஸில். 83 கலவரத்தில் வீடு போனது. எல்லாத்தையும் விட்டுட்டு வாங்கோ, எங்கேயாவது போய்விடுவோம் என்று மாமி அழுதிருக்கிறார். 22 வருடம் முடிந்தால்தான் பென்ஷன் என்று இன்னொரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, முடித்த பிறகுதான் மாமா வெளியே வந்தார். அப்படிச் சம்பாதித்த பென்ஷன் அது.

மாமி காலமான பிறகு மறதி தொடங்கியது. பிள்ளைகள் இருவரும் கனடாவில். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் மருந்து வாங்கிக் கொடுப்பான், கரண்ட் பில் கட்டுவான். ஏடிஎம் காட் அவன் கைக்குப் போனது, பின் நம்பரும் போனது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துக் கொடுக்கவில்லை, அப்படியே போய்விட்டது. பொறுப்பான பிள்ளை ஒருவன் பார்த்துக்கொள்கிறான் என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் போனபோது மாமா பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொண்டிருந்தார். "மாசம் முடியும்வரை வரவேணும்" என்றார். அன்றே வங்கிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அடுத்த நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு போட்டோம். 2 வருடமாகப் பதியாத புத்தகம், பக்கம் பக்கமாக அடித்து வந்தது. மாதம் 58,000 வருகிறது, வந்த அன்றோ மறுநாளோ முழுவதும் எடுபடுகிறது. மாமாவுக்கு ஒரு கவரில் 25,000. மருந்துக்கும் பில்களுக்கும் தாராளமாக 12,000 வைத்தாலும் மிச்சம் 21,000 எங்கே? 2 வருடத்துக்கு 5 லட்சம்.

பொலிசுக்குப் போக மாமா விடவில்லை. "அவன் பிள்ளை மாதிரி, அவனிட்ட போய்க் கணக்குக் கேக்கிறதா?" எங்கள் வீடுகளில் எல்லாம் ஓடுவது இந்த ஒரு வசனத்தில்தான். கணக்குக் கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடும். நல்லவனாக இருந்தவனைக்கூட 2 வருடம் யாரும் எதுவும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நாம் நினைப்பதே இல்லை. உயிரோடு இருக்கிறார் என்ற சான்றிதழை வருடா வருடம் கேட்கிறார்கள். அந்த உயிரோடு இருக்கிற மனிதரின் கைக்குப் பணம் போகிறதா என்று கேட்க ஆளில்லை.

அப்புறம் அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். பணத்தைத் தானே பார்க்க முடியாத முன்னாள் படைவீரருக்கு, அங்குள்ள படைவீரர் விவகாரத் திணைக்களமே ஒரு பொறுப்பாளரை நியமிக்கிறது. குடும்பத்து ஆளாக இருந்தாலும் பொதுவாக நேரில் பேசி, குற்றப் பதிவும் கடன் விவரமும் பார்த்துத்தான் நியமனம். வேறு அலுவலுக்கு எழுதிய அட்டோர்னி தத்துவத்தைக் காட்டி அந்தப் பணத்தைத் தொட முடியாது. தனிக் கணக்கு வைக்க வேண்டும், சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. பொறுப்பாளர்களில் பலர் வருடாந்தக் கணக்கை வங்கி அறிக்கையோடு ஒப்படைக்க வேண்டும், தொகை 25,000 டொலரைத் தாண்டினால் பொதுவாகப் பிணை முறியும் (பணம் தொலைந்தால் ஈடுசெய்யும் உத்தரவாதம்) போட வேண்டும். கட்டணம் வாங்க அனுமதித்தாலும் மாத உதவித்தொகையில் 4 வீதத்துக்கு மேல் கிடையாது.

இத்தனைக்குப் பிறகும் அங்கே திருட்டு நடக்கிறது. வழக்கறிஞர்களே பிடிபட்டிருக்கிறார்கள். ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம். முன்பெல்லாம், பத்துப் பேருக்குக் குறைவானவர்களைப் பார்க்கும் ஒரு தனிப் பொறுப்பாளர் பணத்தைத் தின்றால், திணைக்களத்தின் கவனக்குறைவு நிரூபணமானால்தான் படைவீரருக்கு அந்தத் தொகையை அரசு திரும்பக் கொடுக்கும். 2021 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தோடு அந்தப் பாகுபாடு போனது. முறைகேடு என்று முடிவானால் எவர் எடுத்திருந்தாலும் படைவீரருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். மாமாவின் 5 லட்சத்தை யார் தருவார்கள்?

இங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. புத்தி தெளிவில்லாதவரின் சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு பென்ஷனுக்காகப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஏறி இறங்க எத்தனை பேரால் முடியும்? மாமா இன்னும் அந்த நிலைக்கு வரவும் இல்லை, கையெழுத்து வைக்கிறார், கேட்டால் விளங்குகிறது. அதனால் எங்களால் முடிந்ததைச் செய்தோம். பழைய ஏடிஎம் காட்டை நிறுத்தினோம். பணம் எடுபட்டால் கனடாவில் இருக்கும் மகளின் ஃபோனுக்கும் மெசேஜ் போகிறது. பதிந்த பக்கத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறேன். போடத் தவறினால் என்னைக் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வங்கியால் வந்ததும் மாமாவுக்கு ஒரு புது சீ.ஆர். புத்தகம் (தடித்த மட்டைக் கொப்பி) வாங்கிக் கொடுத்தேன். ஸ்டோர்ஸில் இருந்த கை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் திகதி எழுதினார். மருந்துக்கு எவ்வளவு என்று கேட்டார், 3,840 என்றேன். எழுதினார். பிறகு கையை நீட்டி பில்லைக் கேட்டார்.