சனிக்கிழமை வரைபடக் குழு: ஒரு டீச்சரின் நாட்குறிப்பு

2024 ஜூலை 6, சனி

ஒன்பதாம் வகுப்பிலிருந்தும் பதினொன்றிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பத்தையும் பன்னிரண்டையும் தொடவே கூடாது என்பது தலைமையாசிரியை போட்ட நிபந்தனை. பொதுத்தேர்வு வருஷத்தில் வரலாறு பாடப்புத்தகத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாதாம், சரி.

நாங்கள் தேடுவது ஓர் ஏரியை. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வளைந்து, தெற்கே நீண்டு கிடந்த லாங் டேங்க். பழைய மதராஸுக்கு மேற்கு எல்லையே அதுதான். 1920-களில், 1923-லிருந்து என்று சொல்கிறார்கள், அதை வடித்துவிட்டுத்தான் தி. நகரை அமைத்தார்கள். நீதிக்கட்சி ஆட்சிக்காலம் என்பதால் ஊருக்குப் பிட்டி தியாகராயர் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் டியூஷனுக்குப் போவது பழைய ஏரியைக் கடந்துதான். அதைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் ஒரு பையன், "அதான் மிஸ் மழை பெஞ்சா டியூஷன் லீவு" என்றான்.

ஜூலை 13, சனி

இன்று முழுக்க கம்ப்யூட்டர் லேப். 1900-களின் தொடக்கத்தில் அச்சான மதராஸ் வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அதை க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றி இன்றைய சென்னையின் மேல் பொருத்த வேண்டும். அதற்கு அன்றும் இன்றும் நகராமல் இருக்கிற இடங்கள் தேவை. என்னென்ன என்று கேட்டேன். கபாலி கோயில் குளத்தின் மூலைகள், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளம், கோட்டை, சென்ட்ரல் ஸ்டேஷன் என்று வந்தது. சைதாப்பேட்டைப் பாலத்தில்தான் சண்டை. அங்கே 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சொந்தக் காசில் பாலம் கட்டினார், ஆனால் இப்போது நிற்பது அந்தப் பாலம் இல்லையே, அப்புறம் எப்படி அதை நகராத புள்ளி என்று சொல்வது என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பாலம் மாறினாலும் கடக்கிற இடம் ஏறக்குறைய அதேதான் என்று வாதாடி, கடைசியில் அதைச் சந்தேகப் புள்ளி என்று குறித்துக்கொண்டு சேர்த்தோம்.

முதல் முறை பொருத்தியபோது ஓரங்களில் நிறையவே விலகியது. ஒரு பையன் மெனுவைத் துழாவி 'தின் பிளேட் ஸ்பிளைன்' என்ற முறையைத் தேர்ந்தெடுத்தான், எல்லாப் புள்ளியும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, பிழை பூஜ்யம் என்று கைதட்டல். நான் உடனே பூஜ்யத்தை நம்பாதே என்றேன். அந்த முறை காகிதத்தை ரப்பர் ஷீட் மாதிரி இழுத்து, நாம் குத்திய இடத்தில் மட்டும் சரியாக ஒட்டுகிறது. நடுவில் என்ன ஆகிறது என்று அது சொல்லாது, ஏரியோ நடுவில்தான் இருக்கிறது. பழைய முறைக்கே திரும்பி, எவ்வளவு விலகுகிறது என்பதையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டே எழுதினார்கள்.

ஜூலை 20, சனி

பரங்கிமலை. மலை ஏறப் பிடிக்காதவர்களும் வந்தார்கள், கீழே இறங்கியதும் கரும்புச்சாறு என்று வாக்கு கொடுத்திருந்தேன்.

1802 ஏப்ரல் 10 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வில்லியம் லாம்டன் இந்த மலைக்குப் பக்கத்தில்தான் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோட்டை, அளக்க ஆரம்பித்தார். மொத்தம் ஏழரை மைல், 57 நாள். நூறடி நீள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் அது நீளும் என்பதால் பக்கத்தில் வெப்பமானிகள் வைத்து, நீண்ட அளவுக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரிய சர்வே இந்தக் கோட்டில்தான் ஆரம்பம். பிள்ளைகள் கையில் இருந்த போன் நிற்கிற இடத்தையே ஐந்து மீட்டர், பத்து மீட்டர் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தது. "அவங்களுக்கு ஏப்ரல் வெயில் மிஸ், நமக்கு சாட்டிலைட், அப்பவும் அவங்கதான் கரெக்டா?" என்று கேட்டான் ஒருவன். எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று சொல்லி வைத்தேன், அரைகுறைப் பதில்தான். கம்பெனி எதற்காக அளந்தது என்பதை இன்னொரு நாள் விரிவாகப் பேச வேண்டும், வரி, படை என்ற இரண்டு வார்த்தையோடு முடிகிற கதை இல்லை அது.

ஆகஸ்ட் 3, சனி

தெரு நடை. மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் கிளம்பி, ரயில் பாதையைக் கடந்து தி. நகர், அங்கிருந்து ஒரு குழு மட்டும் பஸ் பிடித்து நுங்கம்பாக்கம். டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா தெருப் பலகைகளை எல்லாம் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில் எழுந்ததுதான், 1976-ல் திறந்தார்கள். உயரக் கட்டிடங்கள் நெருங்கிய தெருக்களில் போனில் பதிவான நடைப்பாதை வீடுகளின் மொட்டை மாடி வழியாகப் போயிருக்கிறது.

மாலையில் ஒருத்தி உற்சாகமாக லாங் டேங்கை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்) நீலமாக வரையப் போனாள், நல்லவேளை பதிவேற்றும் முன்பே காட்டினாள். அங்கே இன்று தரையில் இருப்பதை மட்டும்தான் வரையலாம். ஏற்றியிருந்தால் வேறு யாராவது நியாயமாகவே அழித்திருப்பார்கள். மறைந்துபோனவற்றுக்கு ஓபன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனி இடம் உண்டு, அதில் எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்றும் கொடுக்கலாம். முடிவு வருஷம் என்ன போடுவது என்று கேட்டாள். ஏரி ஒரே நாளில் சாகவில்லையே, தெற்கில் போனது ஒரு காலம், வடக்கில் மிச்சம் இருந்து போனது வேறு காலம். துண்டு துண்டாக வரைவதாக முடிவு. சாதாரண ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அவளுக்கு வேறு வேலை கொடுத்தேன்: தெருக்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்ப்பது.

ஆகஸ்ட் 10, சனி

பெரியவர்களைப் பார்க்கப் போனோம். இரண்டு தாத்தா, ஒரு பாட்டி, மூவருமே மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பிள்ளைகள் ஏரியைப் பற்றிக் கேட்டார்கள், அவர்கள் கொசுவைப் பற்றிப் பேசினார்கள். மாம்பலம் கொசுவும் யானைக்கால் நோயும் மெட்ராஸ் முழுக்கப் பிரசித்தம், பெண் கொடுக்கவே யோசிப்பார்கள் என்று பாட்டி சொன்னபோது ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிரித்த சிரிப்பில் ரெக்கார்டிங்கே கெட்டுப்போனது. கிணற்றில் கைக்கெட்டுகிற தூரத்தில் தண்ணீர் இருந்தது என்று மூவருமே சொன்னார்கள்.

ஒரு தாத்தா தெருவுக்கே கூட்டிப்போய், ஏரிக்கரை இங்கேதான் முடிந்தது என்று தடியால் தட்டிக் காட்டினார். பையன் போனில் புள்ளி வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் அவர் பிறந்தது 1936. அவர் பார்த்தது இல்லை, அவருடைய அப்பா சொல்லக் கேட்டது. அப்படியானால் புள்ளியை எடுத்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று மற்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், எனக்குச் சந்தோஷம். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, காகிதத்தில் இருப்பது என்று மூன்று நிறம். கரைக்கோடு உறுதியாகத் தெரியாத இடத்தில் புள்ளிக்கோடு. இது முழுக்க அவர்கள் யோசனை.

ஆகஸ்ட் 17, சனி

எனக்கு இந்த வேலையில் முக்கியமாகப் பட்டது இன்றைய சண்டைதான். ஏரியை வரைந்து முடித்து அதன் மேல் இன்றைய வீடுகளைப் போட்டதும், தலைப்பு "ஆக்கிரமிக்கப்பட்ட ஏரி" என்று ஒருவன் தட்டச்சு செய்துவிட்டான். யார் ஆக்கிரமித்தது என்று கேட்டேன். பதில் இல்லை. 1920-ல் நகரமைப்புச் சட்டம் போட்டு, அரசாங்கமே ஏரியை வடித்து, தெரு பிரித்து, மனை போட்டு விற்றது. உஸ்மான் ரோட்டுக்காரர் யாரும் ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசை போடவில்லை. அதே சமயம் மாம்பலம் கால்வாய் ஓரத்தில் இருக்கிற சின்ன வீடுகளுக்கு மட்டும் அந்தச் சொல் உடனே ஒட்டிக்கொள்கிறது. நம் குழுவில் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பிள்ளையும் உண்டு, அவன் இன்று ஒன்றும் பேசவில்லை. தலைப்பை "ஏரியாக இருந்தது, எப்படி ஊரானது" என்று மாற்றினார்கள். கால்வாய் ஓரத்தில் வீடு வீடாகக் குறித்திருந்ததையும் நீக்கச் சொன்னேன். பொதுவில் இருக்கிற வரைபடத்தை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று நம் கையில் இல்லை. இதில் சமரசம் கிடையாது.

ஆகஸ்ட் 22, வியாழன்

மெட்ராஸ் தினம். ஹாலில் காட்சிக்கு வைத்தோம். பெற்றோர் வந்தார்கள், எல்லோரும் முதலில் தேடியது தங்கள் வீட்டை.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை விடுமுறை. வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் நிறுத்திவைத்த படங்கள் காலையிலிருந்து எல்லா குரூப்பிலும் சுற்றுகின்றன. எங்கள் குழுவில் தண்ணீர்ப் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. யாரும் இறங்கிப் போகக் கூடாது, மாடியிலிருந்தோ வாசலிலிருந்தோ மட்டும், இருப்பிடம் தெரு அளவில் போதும், வீட்டு எண் வேண்டாம் என்று எழுதிப் போட்டேன். 2015 வெள்ளத்தின்போது இப்படித்தான் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறித்தார்கள், அந்தக் கதையைச் சொன்னதிலிருந்து இவர்களுக்குக் கை அரிப்பு.

அக்டோபர் 19, சனி

வந்த புள்ளிகளை ஏரியின் மேல் போட்டுப் பார்த்தோம். எல்லாம் உள்ளே விழும் என்று எதிர்பார்த்தார்கள். கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே. சப்வேக்கள் எங்கே இருந்தாலும் நிரம்பத்தான் செய்யும், அதற்கு ஏரி வேண்டியதில்லை. குழுவில் இருப்பவர்கள் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கிருந்துதான் படமும் வந்திருக்கிறது, அதையும் யோசிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பெண் தரை உயரம் பார்க்கலாம் என்று விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த நாசாவின் எஸ்ஆர்டிஎம் தரவை இறக்கினாள், பார்த்தால் தி. நகர் மேடாகத் தெரிகிறது! ரேடாருக்குக் கட்டிடமும் உயரம்தான், முப்பது மீட்டர் கட்டத்துக்குள் கடை எது தரை எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது.

அப்போதுதான் ஒரு பையன், அப்பா கொத்தனார், அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கத் தண்ணீர் டியூப் வைத்திருக்கிறார், அதை வைத்துத் தெரு தெருவாக அளக்கலாமே என்றான். அப்பாவிடம் போனில் பேசினேன், தானே வருவதாகச் சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை தீபாவளிக் கூட்டம், ரங்கநாதன் தெருப் பக்கம் தலையே காட்ட முடியாது. எனவே நவம்பர் 9, காலை ஆறு மணி, மழை இல்லை என்றால் பனகல் பூங்கா வாசல்.