கோபுர ஊரில் குடித்தனம்

இத்தாலியில் வேலை என்றதும் ரோம், மிலான் என்றுதான் நினைத்திருந்தோம். கணவருக்குக் கிடைத்ததோ தொஸ்கானா மாநிலத்தில் மலைமேல் இருக்கும் சான் ஜிமிஞானோவில் ஒரு உணவு விடுதிச் சமையலறை. ஊருக்கு ரயில் இல்லை. போட்ஜிபோன்சியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். அனுமதி இல்லாத வண்டி மதிலுக்குள் நுழைய முடியாது. பத்து கிலோ அரிசியை மதில் வாசலிலிருந்து தோளில்தான் தூக்கிக்கொண்டு ஏறுவோம்.

வழிப்போக்கர்களால் வாழ்ந்த ஊர் இது. ரோமுக்கு யாத்திரை போகும் பிரான்சிஜெனா பாதை இதன் வழியாகத்தான் சென்றது. வியாபாரத்தில் பணம் சேர்த்த குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் கட்டின. 72 இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது நிற்பவை ஏறக்குறைய 14. 1300 மே மாதம் புளோரன்ஸ் நகரின் தூதராகக் கவிஞர் தாந்தே இங்கே வந்து பேசியிருக்கிறார்.

அப்புறம் 1348 இல் கொள்ளைநோய். ஊர் பாதிக்கு மேல் காலி. 1353 இல் புளோரன்சுக்கு அடங்கிப் போனார்கள். பாதையும் கீழே பள்ளத்தாக்குக்கு நகர்ந்துவிட, வருமானம் நின்றது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லை. அதனால்தான் எல்லாம் அப்படியே நிற்கிறது, 1990 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

"வறுமைதான் ஊரைக் காப்பாற்றியது" என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. காப்பாற்றப்பட்டது கல். பிழைப்பில்லாமல் தலைமுறை தலைமுறையாக அந்தக் கல்லுக்குள் இருந்தவர்கள் பட்ட பாட்டை யார் சொல்வது? குளிர்காலத்தில் விடுதிகள் மூடி, கணவருக்கு வேலை நிற்கும் மாதங்களில் இந்தக் கேள்வி எனக்கு இன்னும் கூடுதலாக உறைக்கும்.

சதுக்கத்துக் கிணறு 1273 ஐச் சேர்ந்தது. அதன் விளிம்புக் கல்லில் கயிறு அறுத்து அறுத்து ஆழமான தடங்கள் விழுந்திருக்கின்றன. எனக்கு அதில் விரலை வைத்துப் பார்க்காமல் போக மனசு வராது. கோபுரம் பணக்காரருடையது. இந்தத் தடம் தண்ணீர் இறைத்த கைகளுடையது.

நாங்கள் இங்கே ஒட்டிக்கொண்டது குங்குமப்பூவால். 1228 இல் ஒரு முற்றுகைக்கு வாங்கிய கடனில் ஒரு பங்கை ஊர் குங்குமப்பூவாகவே அடைத்திருக்கிறது. நடுவில் விட்டுப்போன சாகுபடி மறுபடி தொடங்கி, 2005 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பும் பெற்றது; வேறு ஊர்க் குங்குமப்பூவை இந்த ஊர்ப் பெயரில் விற்க முடியாது. பக்கத்து வீட்டு அம்மா, இங்கே சொல்வதுபோல் சிஞோரா, அவரின் தம்பிக்கு ஒரு சின்னத் தோட்டம். அக்டோபர் கடைசியில் கூடப் போனேன். ஊதாப் பூவைப் பிரித்தால் உள்ளே மூன்றே மூன்று சிவப்பு இழை. ஒரு கிராமுக்கு நூறு பூவுக்கு மேல் வேண்டும். விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

கூலி வேண்டாம் என்றதற்கு ஒரு சிட்டிகை இழையைக் காகிதத்தில் மடித்துத் தந்தார்கள். பால் பாயசத்தில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிஞோரா இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கும் வா. விடியும்போதே வந்துவிடு, வெயில் ஏறினால் பூ விரிந்துவிடும்" என்றார்.