காய் வெந்த பிறகுதான் புளி

குழம்பு அரை மணி நேரம் கொதித்தும் கிழங்கு கடக் கடக்கென்று இருக்கிறதா? கிழங்கைக் குறை சொல்வதற்கு முன், புளியை எப்போது ஊற்றினீர்கள் என்று பாருங்கள். காயை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின். வெறும் தண்ணீரில் கொதிக்கும்போது அது இளகும், காய் குழையும். புளித்தண்ணீரில் எளிதில் இளகாது. பருப்புக்கும் இதே கதிதான். முக்கால் பதம் தாண்டி வெந்த பிறகே புளியை ஊற்றுங்கள். வெண்டைக்காய்க்கு மட்டும் நேர்மாறு: வதக்கும்போதே இரண்டு ஸ்பூன் கரைசல் தெளித்தால் கொழகொழப்பு அடங்கும், துண்டும் உடையாது.

எலுமிச்சை அளவு உருண்டை ஏறக்குறைய 30 கிராம் இருக்கும், நாலு பேருக்கான குழம்புக்குப் போதும். ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். நன்றாக ஊறிய புளியைக் கட்டைவிரலால் நெருடினால் சதை நாரைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும். நார் தடிப்பாகத் தெரிந்தால் அதில் இன்னும் சதை இருக்கிறது. சக்கையில் மறுபடி அரை டம்ளர் ஊற்றிப் பிழியுங்கள். வடிகட்டியதும் அவசரப்படாமல் ஐந்து நிமிடம் தெளியவிட்டு, மெல்லச் சாய்த்து ஊற்றி, அடியில் தங்கும் கடைசி ஸ்பூனைக் கீழே கொட்டிவிடுங்கள். நறநறவென்று பல்லில் கடிபடும் மண் அதில்தான் இருக்கும்.

புளி கூடிப்போனால் “இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும், சரியாகிவிடும்” என்பார்கள். ஆகாது. கொதித்தால் போவது பச்சை வாசனை மட்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும். புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலம் ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்றப் புளிப்பு ஏறத்தான் செய்யும். அந்த அமிலம் மரத்திலேயே அப்படித்தான்: பழம் முற்றும்போது சர்க்கரை கூடும், புளிப்பும் போகாமல் நிற்கும். கூடிய புளிப்பை வெல்லம் மறைக்கும், குறைக்காது. தண்ணீரோ, புளி சேராத வெந்த பருப்போ, அரைத்த தேங்காயோ சேர்த்துக் குழம்பின் அளவைப் பெருக்குவதுதான் வழி. உப்பையும் காரத்தையும் அதற்கேற்ப மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப்புளி செந்நிறமாக இருக்கும். பழம்புளி கருத்திருக்கும், குழம்பையும் கருக்கவைக்கும். நிறம் வேண்டாத இடத்தில் புதுசே நல்லது.

அலுமினியப் பாத்திரத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் புளி அரிக்கும். சுவையும் கெடும். மண்சட்டிக்கு ஈடு கிடையாது. எவர்சில்வரிலும் தாராளமாகச் சமைக்கலாம்.

வருஷத்துக்குச் சேமிப்பதென்றால் ஓடு, கோது, கொட்டை மூன்றையும் நீக்குங்கள். வண்டு வளர்வது கொட்டைக்குள்தான் என்பதால் ஒன்றிரண்டைக்கூட விட்டுவைக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு, பத்துக்கு ஒரு பங்கு கல்லுப்பை இடையிடையே தூவி, பீங்கான் ஜாடியில் அழுத்தி அடையுங்கள். ஈரக்கை படக் கூடாது. இந்தப் புளியில் உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும். குழம்புக்கு வழக்கமாகப் போடும் உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள்.