ஷார்ப் ஸ்டூவர்ட் 12-ஆம் எண் எஞ்சின்: 1/64 அளவில் மாதிரி, இதுவரை நடந்த வேலை

ஜப்பானின் முதல் ரயில் பாதை ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே 1872 அக்டோபர் 14 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. அதற்காக பிரிட்டனிலிருந்து 10 டேங்க் எஞ்சின்கள் (தண்ணீரைத் தம் உடம்பிலேயே சுமப்பவை) கப்பலில் வந்திறங்கின. செய்தவை ஐந்து கம்பெனிகள்: வல்கன், ஷார்ப் ஸ்டூவர்ட், ஏவன்சைடு, டப்ஸ், யார்க்‌ஷயர். பத்துமே 2-4-0 அமைப்பு. முன்னால் ஒரு சிறிய அச்சு, அதன் பின்னால் ராடால் இணைத்த இரண்டு பெரிய அச்சுகள்.

மாதிரி செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது வல்கனின் 1-ஆம் எண்ணில்தான். இப்போது ஓமியா ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கும் அந்த எஞ்சின் பலமுறை மாற்றிக் கட்டப்பட்டது. 1911-இல் ஷிமபாரா ரயில்வேக்கு விற்கப்பட்டு, 1930-இல் திரும்பி வந்தது. அதைப் பார்த்து மாதிரி செய்து "1872" என்று பெயர் ஒட்டினால் அது பொய்யான மாதிரி. ஏவன்சைடு எஞ்சின் ஒன்று தைபேயின் 228 அமைதிப் பூங்காவில் இருக்கிறது. அதன் பிற்காலம் தைவானுக்கு உரியது என்பதால் அங்கேயும் இதே சிக்கல்தான்.

அதனால் எடுத்தது ஷார்ப் ஸ்டூவர்ட். திறப்பு விழாப் பத்தில் நான்கு இவர்களுடையவை. 1874-இல் அதே வகையில் இன்னும் இரண்டு வாங்கினார்கள். வாங்கியவர்களுக்கு எந்த எஞ்சின் ஒத்துவந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த இரண்டில் ஒன்று முதலில் 23, 1909-இன் எண் மாற்றத்தில் 165, 1911-இல் பிசாய் ரயில்வேக்குப் போனபின் 12. இன்று இனுயாமாவில் உள்ள மெய்ஜி-முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ஓடுவது அதுதான். மாதிரியும் 12-ஆகவே, இன்று நிற்கும் தோற்றத்திலேயே. 1874-இன் தோற்றம் வேண்டும் என்றால் ஒவ்வொரு குழாய்க்கும் ஊகம் செய்ய வேண்டியிருக்கும். இன்றைய தோற்றத்தில் ஒவ்வொரு ஆணிக்கும் படம் கிடைக்கும்.

அளவுத் தேர்வு

ஜப்பான் பாதை 1067 மி.மீ. அகலம். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தோடு இதைப் பொருத்துவதுதான் முதல் கணக்கு. ஜப்பானில் பரவலான 1/80 அளவை 16.5 மி.மீ. பாதையில் வைத்தால் அது நிஜத்தில் 1320 மி.மீ. ஆகிவிடும், கால் மீட்டர் கூடுதல். உள்சட்டமும் வெளிச் சிலிண்டரும் உள்ள சின்ன எஞ்சினில் இது உடனே கண்ணில் படும்: சக்கரம் விலகும், சிலிண்டர் அதற்கும் வெளியே தள்ளும், முன்னிருந்து பார்த்தால் கால் அகட்டி நிற்பதுபோல இருக்கும். 1/150-இல் 9 மி.மீ. பாதை 1350. 1/87-இல் 12 மி.மீ. பாதை 1044, இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் உதிரிகள் குறைவு, மோட்டாருக்கு இடமும் குறைவு. 1/64-இல் 16.5 மி.மீ. பாதை 1056. பதினோரு மில்லிமீட்டர் வித்தியாசம் மாதிரியில் 0.17 மி.மீ.தான். நியூசிலாந்திலும் குவீன்ஸ்லாந்திலும் இதே 1067 பாதையை மாதிரியாகச் செய்பவர்கள் இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள்.

இன்னொரு வசதி: எஞ்சின் பிரிட்டிஷ் வேலை, அளவெல்லாம் அடி அங்குலத்தில். 1/64-இல் ஓர் அடி 4.76 மி.மீ., ஓர் அங்குலம் ஏறத்தாழ 0.4 மி.மீ. மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

படத்திலிருந்து வரைபடம்

முன்புறப் படத்தில் தண்டவாளத்தின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம் 1067 என்பது உறுதி. அதை அளவுகோலாக வைத்து மற்றதைக் கணக்கிடலாம் என்று தோன்றும். பாதிதான் சரி. கேமராவிலிருந்து சக்கரம் 10 மீட்டர் தள்ளியும் பஃபர் பீம் (முட்டுதாங்கிகள் பொருந்திய முன் குறுக்குச் சட்டம்) 9.5 மீட்டரிலும் இருந்தால், பீம் 5 சதவீதம் பெரிதாக விழும். 36 மி.மீ. வர வேண்டிய பீம் 38 மி.மீ. ஆகிவிடும். ஆகவே 30 மீட்டருக்கு அப்பாலிருந்து, ஜூம் வைத்து எடுத்த படங்களை மட்டும் அளப்பதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். கிட்டத்தில் எடுத்தவை விவரம் பார்க்க மட்டும். மெய்ஜி-முராவில் ஓடும் பாதையின் இரு முனைகளிலும் எஞ்சினை டர்ன்டேபிளில் (சுழலும் மேடையில்) ஏற்றிக் கையால் தள்ளித் திருப்புகிறார்கள். இரண்டு பக்கமும் முழுசாகக் கிடைக்கும் இடம் அதுதான். பக்கவாட்டில் சுழலும்போது சரியாக நேர்கோணத்துக்கு வரும் கணம் ஒன்று உண்டு. தொடர்ந்து படம் எடுத்தால் அதில் ஒன்று பொருந்தும். இரு பெரிய சக்கரங்களும் நீள்வட்டமாகாமல் முழு வட்டமாக இருக்கும் படம் எதுவோ, அதையே வரைபடத்துக்கு எடுக்க வேண்டும்.

பெரிய சக்கரம் நிஜத்தில் சுமார் 1.3 மீட்டர், மாதிரிக்கு 20.3 மி.மீ. வாங்க வேண்டியது 20 மி.மீ. மாதிரிச் சக்கரத்தின் ஃபிளேஞ்ச் (தண்டவாளத்தின் உட்பக்கம் இறங்கும் விளிம்பு) நிஜத்தைவிட விகிதத்தில் ஆழம். சரியான விட்டம் வாங்கினால் இரண்டு சக்கரங்களின் ஃபிளேஞ்சுகளும் நெருங்கும், மேலே ஃபுட்பிளேட்டின் (சக்கரங்களுக்கு மேலுள்ள தளத் தகட்டின்) அடியிலும் உரசும்.

சட்டமும் ராடுகளும்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். உடம்பு கோணலாக இருந்தாலும் ஓடும். சட்டம் கோணலானால் எதுவும் ஓடாது.

பக்கச் சட்டம் 0.7 மி.மீ. பித்தளைத் தகடு. இரண்டையும் முதுகோடு முதுகாக ஈயத்தால் ஒட்டி, நகைப் பத்தர்கள் வைத்திருக்கும் மெல்லிய ரம்பத்தால் ஒன்றாக அறுத்து, ஒன்றாகவே துளையிட்டு, சூடாக்கிப் பிரிக்க வேண்டும். பெரிய சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடுகளையும் அப்படியே. அச்சுத் துளைகளின் இடைவெளியைச் சட்டத்தில் தனியாகவும் ராடில் தனியாகவும் அளந்து குறிக்கவே கூடாது. ராடை முதலில் துளையிட்டு, அதையே வழிகாட்டியாக வைத்துச் சட்டத்தில் துளை போட வேண்டும். அளவு 0.1 தவறினாலும் இரண்டிலும் ஒரே தவறாக இருக்கும், இடிக்காது.

16.5 பாதைக்குச் சக்கரங்களின் உட்புற இடைவெளி 14.4 முதல் 14.5 மி.மீ. சட்டத்தின் வெளியகலம் 12.4 வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கிடைக்கும். பின்னச்சு அசையாமல் நிலையாக. அதற்கு முன்னுள்ள பெரிய அச்சு நடுவில் ஒரு கம்பியில் தாங்கி மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் ஆட வேண்டும். இதனால் நான்கு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொடும், மின்சாரமும் விடாது. முன் சிறிய அச்சுக்குப் பாரம் தரக்கூடாது. இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டமும் மேலிருந்து 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியின் லேசான அழுத்தமும் போதும். அழுத்தம் கூடினால் பெரிய சக்கரத்தின் பிடி போய்விடும். குறைந்தால் பாயிண்ட்களில் (பாதை பிரியும் இடங்களில்) தடம் இறங்கும்.

இரு பக்கக் கிராங்க்களுக்கும் (சக்கரத்தில் ராடு மாட்டும் கைகளுக்கும்) இடையே 90 பாகை. எந்தப் பக்கம் முந்துகிறது என்பது ஓட்டத்துக்கு முக்கியமில்லை, இரண்டு அச்சும் ஒன்றுபோல இருக்க வேண்டும். 90 என்பது 88 ஆனாலும் பரவாயில்லை, இரண்டிலும் 88 என்றால். மோட்டார் மாட்டுமுன் சட்டத்தை ஒரு கண்ணாடிச் சரிவில் உருட்டிப் பார்க்க வேண்டும். தடங்கினால் எந்த இடத்தில் தடங்குகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். ஒரு பக்கக் கிராங்க் நேர் முன்னோ நேர் பின்னோ வரும்போது இறுகினால் ராடின் துளை இடைவெளியும் அச்சு இடைவெளியும் ஒத்துப்போகவில்லை. கிராங்க் சாய்வாக, 45 பாகை அளவில் நிற்கும்போது இறுகினால் 90 பாகை தவறு. இது தெரியாமல் பலர் ராடின் துளையை அரத்தால் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் எஞ்சின் ஓடும், ஆனால் தள்ளாடி ஓடும். 1.5 மி.மீ. கிராங்க் பின்னுக்கு 1.6 துளைக்கு மேல் தேவைப்பட்டால் வேறெங்கோ பிழை இருக்கிறது.

வால்வ் இயக்கம் (சிலிண்டருக்கு நீராவி விடும் அமைப்பு) ஸ்டீபன்சன் வகை, சட்டத்துக்கு உள்ளே. வெளியே தெரிவது கப்ளிங் ராடு, பிஸ்டனிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கனெக்டிங் ராடு, அவை சேரும் கிராஸ்ஹெட், அது நகரும் ஸ்லைடு பார் மட்டும். இந்த எஞ்சினை முதல் முயற்சிக்குப் பரிந்துரைக்க இதுவே காரணம். இடம் நெருக்கும் ஒரே புள்ளி முன்சக்கரமும் சிலிண்டரும். வளைவில் முன்சக்கரம் பக்கவாட்டில் நகரும்போது ஃபிளேஞ்ச் சிலிண்டரின் அடியைத் தொட்டால் ஷார்ட் ஆகும். சிலிண்டரின் உள்முகத்தைப் பின்பக்கமாகக் குடைந்துவிட்டு, அங்கே ஒரு துண்டு மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியது வேலை செய்கிறது.

மோட்டாரும் கியரும்

29 கிலோமீட்டர் பாதையை அன்றைய ரயில் 53 நிமிடத்தில் கடந்தது. சராசரி மணிக்கு 33 கி.மீ. இதை வைத்துத்தான் கியரைத் தேர்வு செய்ய வேண்டும். 20 மி.மீ. சக்கரம், 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றும் 10 மி.மீ. கோர்லெஸ் (இரும்பு உள்ளகம் இல்லாத) மோட்டார். 30-க்கு 1 வார்ம் (திருகுப் பல்) மட்டும் போட்டால் உச்ச வேகம் அளவுக்கணக்கில் மணிக்கு 96 கி.மீ.; மெய்ஜி கால டேங்க் எஞ்சினுக்கு இது கேலிக்கூத்து. வார்முக்குப் பின் இன்னொரு 2-க்கு 1 பல்சக்கரம் சேர்த்து 60-க்கு 1 ஆக்கியதும் உச்சம் 48-க்கு இறங்கியது, ஊர்ந்து போகும் வேகமும் சீரானது. வார்முக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு துண்டு மெல்லிய தாளைக் கொடுத்து இறுக்கி, பிறகு தாளை உருவினால் இடைவெளி சரியாக அமையும். தாள் இல்லாமல் இறுக்கினால் மோட்டார் சூடாகும். கோர்லெஸ் மோட்டார் சூட்டை ஆற்றும் திறன் குறைந்தது, சீக்கிரம் எரிந்துவிடும்.

உடம்பு

பக்கத் தொட்டிகளும் கேபும் 0.3 மி.மீ. பித்தளை, ஃபுட்பிளேட் 0.4. ஃபுட்பிளேட்டைத் தட்டையான ஓட்டில் திருகி வைத்துத்தான் மற்றதைப் பற்றவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வாழைமட்டை மாதிரி வளையும். பாய்லருக்கு 16 மி.மீ. பித்தளைக் குழாய், மோட்டார் உட்காரும் அளவுக்கு அடிப்பக்கம் வெட்டியது. புகைபோக்கியும் டோமும் ரெசின் 3டி பிரிண்ட். கைப்பிடிக் கம்பி 0.4 மி.மீ.

ரிவெட் விஷயத்தில் கை கட்டுப்பட வேண்டும். 1/64-இல் ஒரு ரிவெட் தலை 0.3 மி.மீ. இருக்கும். படத்தில் எங்கே தெரிகிறதோ அங்கே மட்டும் பின்பக்கத்திலிருந்து அழுத்தினால் போதும். பழைய எஞ்சின் என்றாலே உடம்பெல்லாம் ரிவெட் குத்துவது ஒரு கெட்ட பழக்கம்.

பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸ் (பற்றவைக்கும்போது தடவும் திரவம்) பித்தளைக்கு அருமை, எஃகுச் சக்கரத்துக்கு எமன். சக்கரம் மாட்டிய பிறகு அருகில் பற்றவைக்கவே வேண்டாம். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவ வேண்டும்.

பாரம்

மொத்தம் 120 கிராம் இலக்கு. பக்கத் தொட்டிகளில் ஈயம் போடும்போது ஒரு எச்சரிக்கை: ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து ஊற்றக்கூடாது. ஈரமும் பசையும் ஈயத்தோடு வினைபுரிந்து வெண்மையாகப் பொங்கும். சில வருடங்களில் தொட்டி பக்கவாட்டில் பிதுங்கி, ஒட்டு பிரிந்துவிடும். ஈயத் தகட்டைத் துண்டு போட்டு எபாக்ஸியில் ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை. பாரமையம் இரண்டு பெரிய அச்சுகளுக்கும் நடுவே விழ வேண்டும். ஒரு பென்சிலின் மேல் நிறுத்தினாலே தெரிந்துவிடும். 120 கிராமுக்கு இழுவை 25 கிராம் வரை கிடைக்கும். மெய்ஜி-முராவில் அது இழுப்பது இரண்டு அச்சுள்ள மூன்று பெட்டிகள்தான். தலா 40 கிராம் என்றால் 50-க்கு 1 ஏற்றத்திலும் தேவை 5 கிராமைத் தாண்டாது.

கொக்கியும் பஃபரும்

ஹோன்ஷு முழுக்க 1925 ஜூலையில் ஒரே மூச்சில் ஆட்டோமேட்டிக் கப்ளருக்கு மாறினார்கள். மெய்ஜி-முரா ரயிலில் இன்றும் இருப்பது பழைய சங்கிலிக் கொக்கியும் இரட்டைப் பஃபரும். மாதிரியில் 0.3 மி.மீ. கம்பி வளையம் இழுப்பதற்குச் சரி. பின்னோக்கித் தள்ளும்போது 600 மி.மீ.க்குக் குறைந்த வளைவில் பஃபர்கள் ஒன்றையொன்று தாண்டிப் பூட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிவிடும். எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் மட்டும் ஒரு மெல்லிய இணைப்புத் தண்டு கொடுத்து, பஃபர்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர் விட்டதில் இது தீர்ந்தது.

தளம்

பலருக்கும் இந்த எஞ்சினைத் அந்த முதல் பாதை கடலில் போன தகனவா கரைமேட்டில் நிறுத்திப் பார்க்க ஆசை வரும். 2019-இல் தோண்டும்போது வெளிப்பட்ட அந்தக் கல்லணையின் மேற்பரப்பு 6.4 மீட்டர், 1/64-இல் சரியாக 10 செ.மீ., அலமாரித் தட்டுக்கு என்றே செய்ததுபோல. ஆனால் 12 என்ற எண் அங்கே நிற்க முடியாது. அங்கே ஓடியது 23. கரைமேடுதான் வேண்டும் என்றால் எண் பலகையோடு எஞ்சினின் காலத்தையும் பின்னுக்கு இழுக்க வேண்டும், ஊகங்களையும் ஏற்க வேண்டும். தண்டவாளத்தையும் மாற்ற வேண்டும், அன்றைக்கு இட்டது இரட்டைத் தலைத் தண்டவாளம் (மேலும் கீழும் ஒரே வடிவம்). பிரிட்டிஷ் ஓஓ அளவுக்கு (1/76, 16.5 மி.மீ. பாதை) விற்கும் கோட் 75 (0.075 அங்குல உயரம்) புல்ஹெட் (அடியைவிடத் தலை பெரிதான) பாதை அதற்கு வெகுவாக ஒத்துவரும். தலைக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு இந்த அளவில் கண்ணுக்கு எட்டாது.

இப்போதைய நிலை: சட்டம் ஓடுகிறது, உடம்பு பற்றவைத்து முடிந்தது, மின்சாரம் ஆறு சக்கரத்திலிருந்தும் எடுக்கிறது. பாக்கி இருப்பது கேபின் உட்புறம், பிரேக் கம்பிகள், பெயின்ட். கறுப்பை அப்படியே அடித்தால் விவரமெல்லாம் அமுங்கிவிடும். ஐந்து பங்கு கறுப்புக்கு ஒரு பங்கு அடர்சாம்பல் கலந்து, முதலில் எட்ச் பிரைமர் (உலோகத்தில் பிடிக்கும் அடிப்பூச்சு), மேலே இரண்டு மெல்லிய பூச்சு. எண் பலகை 0.2 மி.மீ. பித்தளையில் அரித்து எடுத்தது. அதைப் பெயின்ட்டுக்குப் பிறகு ஒட்டி, எழுத்தின் மேல்முகத்தை மட்டும் 1200 எண் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும்.