எலிசபெத்தின் வீட்டில்

1 டிசம்பர் 2024, ஞாயிறு

இன்று கிறிஸ்துமஸுக்கு முன் வருகிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. என் வீட்டுக்காரரை ஆலயத்துக்குக் கூட்டிப் போனேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், வாசற்படி ஏறத்தான் இரண்டு பையன்கள் தாங்க வேண்டியிருந்தது. பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது, மூளையின் இடது பக்கம். வலது கை, வலது கால், அதோடு பேச்சும் போய்விட்டது. 22 வருடம் ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொன்ன மனிதர் இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் "அது... அது..." என்கிறார், அதற்கு மேல் வரவில்லை. நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. அதுதான் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் சபைப் போதகர் ஐயர் 40ஆம் சங்கீதத்தில் பிரசங்கித்தார். "கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன்." எபிரெயத்தில் அந்த இடத்தில் பொறுமை என்று தனியாக ஒரு சொல் கிடையாதாம், காத்திருப்பது என்ற வினையே அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறதாம். நாமும் அப்படித்தானே சொல்வோம், காத்துக் காத்துக் கிடந்தேன் என்று. எனக்குப் பொறுமை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். காத்துக் காத்துக் கிடக்கிறாயா என்று கேட்டால், ஆமாம், பத்து மாதமாக.

4 டிசம்பர், புதன்

சொந்தத்தில் ஒரு பெரியம்மா பார்க்க வந்தார்கள். பழமெல்லாம் வாங்கி வந்து, ஜெபமும் பண்ணிவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "சகரியாவும் விசுவாசிக்காததாலதானே ஊமையானாரு, ரெண்டு பேரும் நல்லா ஆராய்ஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே இவருக்குக் கேட்டிருக்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை, லூக்கா முதல் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். வயதான காலத்தில் பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் காபிரியேல் சொன்னதைச் சகரியா நம்பவில்லை, அதனால் அது நடக்கும்வரை பேசமாட்டாய் என்று காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் தூதன் போனான். அதை எடுத்து எல்லா ஊமைக்கும் பூட்டுவது எந்த வேதத்தில் இருக்கிறது? பிறவிக்குருடனைக் காட்டி யார் பாவம் செய்தது என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றுதானே இயேசு சொன்னார்.

வாசிக்க வாசிக்க என் கண் சகரியாவின் மனைவி எலிசபெத்திடம் போய் நின்றது. கர்ப்பகாலம் முழுவதும் பேசாத புருஷனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாளில், அவன் பேச்சு திரும்புவதற்கு முன்பே, யோவான் என்று பேரிட வேண்டும் என்று அவள் சொல்லுகிறாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது? அவன் எழுதிக் காட்டியிருப்பான், இல்லையென்றால் கையசைத்துப் புரிய வைத்திருப்பான், எப்படியோ அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். சொந்தக்காரர்களோ அவனுக்குக் காதும் கேட்காது என்பதுபோல் சைகை காட்டிக் கேட்கிறார்கள். இங்கேயும் அதே கதைதான். வருகிறவர்கள் இவரிடம் கத்திப் பேசுகிறார்கள், இல்லாவிட்டால் இவர் தலைக்கு மேலே என்னிடம் கேட்கிறார்கள்.

சகரியாவுக்காவது எழுத்துப்பலகை இருந்தது. இவருக்குப் பேச்சோடு எழுத்தும் போய்விட்டது. இடது கையால் படம் வரைகிறார்.

9 டிசம்பர், திங்கள்

பேச்சுப் பயிற்சி. சொல்லை இராகமாக இழுத்துச் சொல்ல வைக்கிறார்கள். பேச்சுக்கு இடது மூளை, பாட்டுக்கு வலது பக்கமும் உதவி செய்யுமாம், அதனால் பேச முடியாத சிலர் பழகின பாட்டை வார்த்தையோடு பாடிவிடுவார்களாம். "தண்... ணீர்" என்று தட்டித் தட்டிப் பாடினோம். "தண்" வந்தது.

அப்புறம் பயிற்சி கொடுக்கிற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க அவசரப்பட்டு அவங்க வார்த்தையை முடிச்சு வைக்கிறீங்க அம்மா. கொஞ்சம் விடுங்க. தேடிட்டிருக்காங்க" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் மனதில். உதவி செய்கிறேன் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் செய்தேன்.

13 டிசம்பர், வெள்ளி

மழை விடவில்லை. பயிற்சிக்குப் போக முடியவில்லை. போன வருஷ வெள்ளம் ஞாபகம் வந்து இரண்டு பேரும் தூங்கவில்லை.

18 டிசம்பர், புதன்

கல்யாணமான புதிதில் இவர் என்னை டோனாவூருக்குக் கூட்டிப் போயிருந்தார். அங்கே ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறையில் கல் நாட்டவில்லை, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் "அம்மா" என்று மட்டும். 1931இல் கீழே விழுந்தவர், 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறார். சுகத்துக்காக ஜெபித்தார்கள், சுகம் வரவில்லை. அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் சொல்லத் துணிய மாட்டார்கள். அப்படியானால் என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன்?

ஆண்டவரே, இவர் பேச வேண்டும் என்றுதான் இன்றும் கேட்டேன், நாளைக்கும் கேட்பேன். ஆனால் ஏசாயா 30:18 இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. "உங்களுக்கு இரங்கும்படி கர்த்தர் காத்திருப்பார்" என்று தொடங்குகிற அந்த வசனம் முடிகிற இடத்தில், அவருக்குக் காத்திருக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று வருகிறது. ஒரே வசனத்தில் இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை.

22 டிசம்பர், ஞாயிறு

இதைக் கை நடுங்க எழுதுகிறேன். ஆராதனையில் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம். "இன்று எங்களுக்குத் தாரும்" என்று எல்லாரும் சொல்லும்போது என் பக்கத்தில் கட்டைக்குரல் ஒன்று. இவர்தான். முடியும்வரை கூடவே சொன்னார், ஆமென்வரை. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன், வரவில்லை. "அது... அது..." மனப்பாடமாக ஊறினது இப்படி வரும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள், அதனால் இதைச் சாட்சி சொல்லுங்கள் என்று சபையில் கேட்டதற்கு, இப்போது வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் பத்து மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்டேன். அதற்கு ஸ்தோத்திரம்.

25 டிசம்பர், புதன்

விடியற்கால ஆராதனை முடிந்து வந்தோம். மகன் சென்னையிலிருந்து வந்திருக்கிறான், இன்னும் தூங்குகிறான். இவர் சமையலறை வாசல்வரை தானாக நடந்து வந்து, சிலேட்டில் ஒரு டம்ளர் வரைந்து, மேலே ஆவியும் போட்டுக் காட்டினார்.

"டீயா, காப்பியா?" என்று இராகமாக இழுத்துக் கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், 27 வருஷமாகத் தெரியும். சொல்லவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.