பூனைக்கு டியூப் போடும்போது

மயக்க மருந்து கொடுத்த நாய்க்கு மூச்சுக்குழாயில் டியூப் போட்டுப் பழகிய கை, பூனையிடம் வரும்போது கொஞ்சம் அடங்க வேண்டும். நாயின் நாக்கை முன்னால் இழுத்தாலே குரல்வளை தெரிந்துவிடும், டியூபும் பெரும்பாலும் தடையில்லாமல் போய்விடும். பூனையின் குரல்வளை தொட்டாற்சிணுங்கி. முனை பட்டதுமே இறுக மூடிக்கொள்ளும். முட்டித் தள்ளினால் வீங்கும், அடுத்த முயற்சி இன்னும் கஷ்டமாகும்.

அதனால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்தின் 2 சதவீதக் கரைசலில் 0.1 மில்லி எடுத்து, குரல்வளையின் இரு பக்கமும் சொட்டாக விடுவேன். அப்புறம் ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பேன். அந்த நிமிடத்தை யாரும் அவசரப்படுத்த நான் விடுவதில்லை. மனிதர்களுக்கான 10 சதவீத ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். சின்ன உடம்பில் அளவு மிக எளிதாக மீறிவிடும். தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் நுனி நாக்கின் அடிப்பகுதியை அழுத்தினால் போதும், குரல்வளை மூடியைத் தொட வேண்டியதில்லை. மூச்சை இழுக்கும்போது வாசல் விரியும், அப்போது நுழைக்க வேண்டும். வளர்ந்த பூனைக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் டியூப் சரியாக இருக்கும், 3.5, 4.5 இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். உள்ளே போனது மூச்சுக்குழாய்தானா என்பதை, வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராப்தான் நம்பிக்கையாகச் சொல்லும்.

ஆனால் டியூப் போனதும் நிம்மதியாகிவிடுகிறோமே, எனக்குக் கவலையே அதற்குப் பிறகுதான். சிரிஞ்சில் இருக்கிற காற்றையெல்லாம் கஃப்பில், அதாவது கசிவை அடைக்க டியூபைச் சுற்றி இருக்கும் சின்னப் பலூனில், ஏற்றிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது பதறுகிறது. பூனையின் மூச்சுக்குழாய் அதைத் தாங்காது, பின்பக்கச் சவ்வில் நீளவாக்கில் கிழியும். மேஜையில் எதுவும் தெரியாமல், வீட்டுக்குப் போன பிறகு கழுத்துத் தோலுக்கடியில் காற்று சேர்ந்து, தொட்டால் நறநறவென்று கேட்கும். நான் செய்வது இதுதான்: மயக்க மெஷினில் காற்று வெளியேறும் வால்வை மூடி, அதன் மூச்சுப் பையை மெதுவாக அழுத்தி, அழுத்தமானி 15 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் காட்டும்போது வாயருகே காது வைத்துக் கேட்பேன். கசிவுச் சத்தம் இருந்தால் மட்டும் அரை மில்லி அரை மில்லியாகக் காற்று. சத்தம் நின்றதும் நிறுத்தி, வால்வை உடனே திறந்துவிடுவேன். அதை மூடியபடி மறந்தால் நுரையீரலில் அழுத்தம் ஏறி உயிரே போகும்.

பல் சிகிச்சையில் பூனையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரட்டுவோம். ஒவ்வொரு முறையும் டியூபை மெஷினிலிருந்து கழற்றிவிட்டுத்தான் புரட்ட வேண்டும். இணைத்தபடியே திருப்பினால் டியூப் உள்ளே முறுகும், கிழிசல் பலவும் அங்கேதான் நேர்கிறது. வாயைத் திறந்து வைக்கும் ஸ்பிரிங் கருவியும் பூனைக்கு ஆகாது. வாய் அகலத் திறந்தே இருந்தால் மூளைக்கும் கண்ணுக்கும் போகிற ரத்த ஓட்டம் குறையும். பார்வை போய் எழுந்த பூனைகள் உண்டு.

டியூபை வெளியே எடுப்பதிலும் பூனை வேறுதான். நாய் விழுங்கும் வரை காத்திருக்கலாம். மூக்கு சப்பையான நாய் என்றால், அது தலையைத் தூக்கி டியூபை இனி பொறுக்காது என்னும் வரை விட்டுவைப்பேன். பூனைக்கு அவ்வளவு நேரம் தருவதில்லை. காது துடித்து, இமை அசையத் தொடங்கியதும் கஃப்பின் காற்றை இறக்கி டியூபை எடுத்துவிடுவேன்.